தெருவே உட்கார்ந்து பழக்கிய சீட்

பாஸ்டர் கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்தபோது சீட்டின் நடுவில்தான் இருந்தார். நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தபோது விளிம்புக்கு வந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். எங்கள் வீட்டு ஹாலில் ஜெபக் கூட்டம். வழக்கமாக சோபா இருக்கும் இடத்தில் அன்று ஒரு கார் சீட் இருந்தது. கார் கிடையாது, சீட் மட்டும். செங்கல் அடுக்கி அதன் மேல் தூக்கி வைத்திருந்தோம். புதுத் தோல் போர்த்தி, பாலிஷ் போட்டுப் பளபளவென்று இருக்கும். மரியாதைக்குரியவர்கள் வந்தால் அதில்தான் உட்கார வேண்டும் என்பது அந்த நாட்களில் என் வீட்டுச் சட்டம். நடுவில் பாஸ்டர், இரண்டு பக்கமும் சபைப் பெரியவர்கள்.

எங்கள் பாஸ்டர் ஜெபத்தில் யாரையும் விடமாட்டார். நோயாளிகள், பரீட்சை எழுதும் பிள்ளைகள், மழை என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார். மூன்று பேரும் ஓர் அவசரமும் இல்லாமல், தாங்களே அறியாமல், முன்னால் வழுக்கி வந்துகொண்டிருந்தார்கள். மழைக்கு வந்தபோது பாஸ்டரின் முழங்கால் டீப்பாயைத் தொட்டது. நாட்டை ஆள்பவர்களுக்கு வந்தபோது இடப்பக்கப் பெரியவர் தரையில் இருந்தார். ஆமென் சொல்லிக் கண் திறந்தால் மூன்று பேருமே தரையில்.

பாஸ்டர் நல்ல மனிதர். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "ஆண்டவர் இன்னைக்கு நம்மள தாழ்த்திட்டாரு" என்றார்.

என் மனைவி எஸ்தர் சமையலறை வாசலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தோள் மட்டும் குலுங்கியது. கூட்டம் கலைந்ததும் கேட்டாள்.

"கடைசி டூட்டி அன்னிக்கு என்னையும் இதுலதான் கூட்டிட்டு வரப் போறீங்களா? சீட் பெல்ட்டுக்குப் பதிலா கயிறு எடுத்துட்டு வாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அவளுடைய கடைசி டூட்டிக்குச் சில வாரங்கள்தான் இருந்தன.

நீளம் ஜாஸ்தி

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய, என் ஸ்கூட்டர் ஒரு மாட்டின் மேல் மோதி, மாடு பாட்டுக்கு நடந்துபோக, நான் மட்டும் கட்டுப் போட்டுக்கொண்ட கதையைப் படித்த ஒரு வாசகர், "உங்களுக்கு வண்டி ராசியே கிடையாதா?" என்று கேட்டிருக்கிறார். ராசி உண்டு ஐயா. எனக்கு வாய்த்த வண்டிக்கு நீளம்தான் ஜாஸ்தி.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் கட்டிங் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். ரிட்டயர் ஆனவர்கள் காலையில் நடப்பார்கள், சுகர் பார்ப்பார்கள், பேரம் பேசிக் கீரை வாங்குவார்கள். எனக்கு ஒரு ஸ்டேஷன் வேகன் கிடைத்தது.

இளைய வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷன் வேகனை முன்னாலிருந்து பார்த்தால் கார், பின்னாலிருந்து பார்த்தால் வேன். டிக்கி இருக்க வேண்டிய இடத்தில் கூரை அப்படியே நீண்டு ஒரு கதவோடு முடியும். அந்தக் காலத்துத் தோல் வியாபாரிகள் சாம்பிள் தோலைச் சுருட்டிப் பின்னால் போட்டுக்கொண்டு மெட்ராஸ் போக வைத்திருந்த வண்டி.

இதைக் கண்டுபிடித்தவர் என் தோஸ்த் பாஷா பாய். கட்டிங்கில் எனக்குப் பக்கத்து மேஜையில் ஆயுசையே கழித்தவர். மூடிக் கிடந்த ஒரு தோல் ஷெட்டை இடிக்கப் போகிறார்கள், உள்ளே ஒரு வண்டி இருக்கிறது, எடுத்துக்கொண்டு போனால் புண்ணியம் என்று சொன்னார்கள். போய்ப் பார்த்தால் பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அது எங்களைப் பார்த்த பார்வையில், ஆர்.சி. புக் அதன் பெயரில்தான் இருக்கும் போலிருந்தது.

"எஞ்சின் ஓடுமா பாய்?"

"எஞ்சின் இருக்குது பாரு. அதுக்கே சந்தோஷப்படு."

மினி லாரியில் ஏற்றி, வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் என் வீட்டு போர்ட்டிகோவுக்குள் தள்ளினோம். மூக்கு சுவரில் முட்டியது. வால் கேட்டுக்கு வெளியே நின்றது. அன்றிலிருந்து எங்கள் கேட் மூடியதில்லை. பால்காரர் பாக்கெட்டை வண்டியின் வால் மேல் வைத்துவிட்டுப் போவார். அதற்குக் காவலாகத் தெருப் பூனை ஒன்று படுத்திருக்கும்.

பக்கத்து வீட்டு வரதன் சார் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"சாலமன் சார், தப்பா நினைக்காதீங்க. இது சவ வண்டிங்களா?"

"ஸ்டேஷன் வேகன் சார்."

"அப்டீங்களா? நான் உங்க வீட்ல யாருக்கோ இன்னாவோன்னு சட்டை மாத்திட்டு வந்தேன்."

டூட்டி முடிந்து வந்த எஸ்தர் கேட்டருகிலேயே நின்றுவிட்டாள். வண்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"தோல் வாசனைய விட்டு ரிட்டயர் ஆயிட்டீங்கன்னு நெனச்சேன். இப்ப அந்த வாசனையே ரிட்டயர் ஆகி நம்ம வீட்டுக்கு வந்துடுச்சா? பேரு மட்டும் சாலமன். ஞானம் எந்த ஸ்டாப்புல எறங்கிக்கிச்சோ."

அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

"எஸ்தரு, நீ ரிட்டயர் ஆவற அன்னிக்கு, கடைசி டூட்டி முடிஞ்சதும், இதுலதான் உன்ன கூட்டிட்டு வருவேன்."

"நான் பஸ்லயே வந்துடுவேன். வண்டி ரெடி ஆவலன்னு டூட்டிய நீட்டிக் குடுங்கன்னு கேக்க முடியாது."

பஸ் ஸ்டாப் சம்சாரம்

எஸ்தர் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமான நாளிலிருந்து டவுன் பஸ்தான். நான் ஆம்பூர் போகும் கம்பெனி பஸ். அவளுடைய நைட் டூட்டி நாட்களில் நான் வந்து இறங்கும் ஸ்டாப்பில்தான் அவள் ஏறுவாள். அவள் பஸ் வருவதற்குள் வீட்டு நிர்வாகம் முழுவதும் கைமாறும்.

"சாவி இந்தாங்க. கொழம்ப சூடு பண்ணிக்கோங்க. பாப்பாவுக்கு ஜுரம் கம்மி, மாத்திரை ஒண்ணு மட்டும் குடுங்க. கேஸ் வந்தா உள்ள வெக்கச் சொல்லுங்க."

பஸ் கிளம்பிவிடும். ஜன்னலில் இருந்து இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டே போவாள். பாதிதான் கேட்கும். மீதியை நான் யூகித்துக்கொள்வேன். பெரும்பாலும் தப்பாக யூகிப்பேன்.

எங்கள் குடும்ப வாழ்க்கையின் பெரும்பகுதி இப்படி நின்றபடியே நடந்தது. வார்டிலும் நிற்கிற வேலை. பஸ்ஸிலும் கம்பியைப் பிடித்து நின்றுதான் வருவாள். ஒருநாளாவது அவள் கால் நீட்டி உட்கார்ந்து வீடு வரவேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. அதை அவளிடம் இப்படிச் சொல்லத் தெரியாததால்தான் வண்டி, எஞ்சின், பெயிண்ட் என்று சுற்றி வளைத்துக்கொண்டிருந்தேன்.

காற்று எடுத்த கதை

வண்டியைப் பிரித்தபோதுதான் வீடு எவ்வளவு சின்னது என்று தெரிந்தது. சைலன்சர் மாடிப்படியில். விளக்குகள் பீரோ மேல். என் மகள் ப்ரிசில்லா பள்ளிக்கூட டீச்சர். அவள் திருத்தி வைத்திருந்த பரீட்சைப் பேப்பர் கட்டின் மேல் நான் கிரீஸ் கையோடு சாய்ந்ததில், எட்டாம் வகுப்பில் ஒரு பையனுக்கு மார்க் எவ்வளவு என்று கடைசிவரை படிக்க முடியவில்லை. "பாஸ்னு போட்டுட்டேன் டாடி, உங்க கைரேகை சாட்சி" என்றாள்.

கார்புரேட்டரை மண்ணெண்ணெயில் ஊறவைக்க ஒரு பாத்திரம் தேடினேன். கைக்குக் கிடைத்தது இட்லி குண்டான். இதற்கு மேல் அந்தச் சம்பவத்தைப் பற்றி எழுத எனக்கு வீட்டில் அனுமதி இல்லை.

எஞ்சின் வேலைக்கு ஒரு மெக்கானிக் வந்து போனார். பிரேக்கை நானே பார்க்கிறேன் என்றேன். பிரேக் ஆயில் பைப்பில் காற்று புகுந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. சக்கரத்தருகே ஒரு டியூப் மாட்டி, மறுமுனையை ஆயில் பாட்டிலில் விட்டு, காற்றை வெளியே எடுக்க வேண்டும். ப்ரிசி உள்ளே உட்கார்ந்து மிதிக்க, நான் கீழே படுத்து அரைநாளாக எடுத்துக்கொண்டிருந்தேன். காற்று வந்துகொண்டே இருந்தது. உலகத்தில் இருக்கும் மொத்தக் காற்றும் என் பிரேக் வழியாகத்தான் போகிறது என்று முடிவுக்கு வந்திருந்தேன்.

டூட்டியிலிருந்து வந்த எஸ்தர் குனிந்து பார்த்தாள். கைப்பையை பானெட் மேல் வைத்துவிட்டுப் புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"டியூப் முனை ஆயிலுக்குள்ள முங்கி இருக்கா?"

"மேலாப்ல இருக்கு."

"அப்ப விட்ட காத்த அதுவே திரும்ப உறிஞ்சிக்குது. தள்ளுங்க. ப்ரிசி, மெதுவா மிதி. புடிச்சிக்கோ. ம், இப்ப விடு."

"எஸ்தரு, இது கார் சமாச்சாரம்..."

"பேஷண்ட்டோட ஆளு வெளிய நில்லுங்க."

டிரிப் ஏற்றுகிற டியூபில் குமிழி தேடும் கண். சுண்டிச் சுண்டிக் கடைசிக் குமிழியை வெளியேற்றிவிட்டுத்தான் எழுந்தாள். பெடல் கல் மாதிரி நின்றது. அதற்குப் பிறகு வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போக ஆரம்பித்தாள். "எப்படி இருக்குது உங்க பேஷண்ட்டு?" என்பாள். வண்டியைப் பற்றி அவள் அன்பாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

இழுத்தா வந்துடும்

எஞ்சின் ஓடியது. பெயிண்ட் ஆயிற்று. ஆர்.டி.ஓ. வேலையும் முடிந்தது. அதைப் பற்றித் தனித் தொடரே எழுதலாம், படிக்கத்தான் ஆள் இருக்காது. பாக்கி இருந்தது பின் சீட் ஒன்றுதான்.

இங்கேதான் எனக்குத் தலைக்கனம் ஏறியது. ஊரெல்லாம் சீட்டுக்கு ரெக்சின் போடட்டும், ஆம்பூர்க்காரன் வண்டியில் அசல் தோல்தான் என்று அறிவித்தேன். பாஷா பாய் அருமையான பழுப்பு நிறத் தோல் கொண்டுவந்தார். முன்பு எங்கள் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்த கலா, மாதனூரிலிருந்து வந்தாள். அளவு எடுத்தது நான். வெட்டியது பாய். தைத்தது கலா. மூன்று பேருக்கும் சேர்த்தால் ஒரு யுகத்து அனுபவம்.

ஷூ வேலையில் ஒரு முறை உண்டு. பாத வடிவத்தில் ஒரு கட்டை இருக்கும். அதன் மேல் தோலை ஈரப்படுத்தி, சூடு காட்டி, குறடால் இழுத்து இறுக்குவோம். அதனால் தோலை எப்போதும் அளவுக்குக் கொஞ்சம் கம்மியாகத்தான் வெட்டுவோம். இழுத்தால் வந்துவிடும். அது எங்கள் கையில் ஊறிப்போன கணக்கு.

சீட்டுக்கும் அப்படியே வெட்டினோம்.

"சின்னதா இருக்குதே சார்?" என்று கலா கேட்டாள். உடனே அவளே பதிலும் சொன்னாள். "இழுத்தா வந்துடும்."

"வந்துடும்" என்றார் பாய்.

"வராம எங்க போவுது?" என்றேன் நான்.

ஈரத் துணி போட்டு, எஸ்தரின் இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி, ஆளுக்கொரு பக்கம் குறடால் இழுத்தோம். வந்தது. ஒரு சுருக்கம் இல்லை. கலா தட்டிப் பார்த்தாள், தவில் மாதிரி சத்தம் கேட்டது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டு டீ குடித்தோம்.

மறுநாள் வேலூர் வெயிலில் சீட்டைக் காயவைத்தேன். இதற்கு மேல் எங்கள் வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஈரம் போகப் போகத் தோல் இன்னும் இறுகியது. சாயங்காலம் பார்த்தால் உள்ளே இருந்த ஸ்பிரிங் எல்லாம் அமுங்கி, சீட் ஆமை முதுகு மாதிரி புடைத்து நின்றது. ப்ரிசி காபி டம்ளரோடு உட்கார்ந்தாள். அடுத்த நிமிடம் காபி வேறு, ப்ரிசி வேறாகத் தரையில் இருந்தார்கள்.

எஸ்தர் சீட்டைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"ஏங்க, சீட்டுக்கு ஷூ போட்டு வச்சிருக்கீங்க."

அவளுக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. எங்கள் மூவருக்கும் தெரியவில்லை. வேறு தோல் இல்லை, பிரித்துத் தைக்கவும் நேரம் இல்லை. கால் நீட்டி உட்கார வைக்கிறேன் என்று ஆசைப்பட்டு, உட்காரவே முடியாத வண்டியைச் செய்து வைத்திருந்தேன். அன்று நான் சாப்பிடவில்லை. எங்கள் வீட்டில் இது செய்தி.

பாஷா பாய்தான் போனில் வழி சொன்னார்.

"பேஜார் ஆவாத தோஸ்த். புது ஷூ கால கடிச்சா இன்னா பண்ணுவ?"

"போட்டு நடப்பேன்."

"சீட்டு நடக்காது. உக்காரு. நீ ஒருத்தன் பத்தாது, ஒல்லிக்குச்சி. ஆள கூப்டு."

உட்காரும் டூட்டி

சோபா மொட்டை மாடிக்குப் போனது. கார் சீட் ஹாலுக்கு வந்தது. நான் வாசலில் நின்று தெருவில் போகிறவர்களை எல்லாம் உள்ளே அழைத்தேன்.

வந்தார்கள். அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். காலையில் வரதன் சார் பேப்பரோடு வருவார். அவர் மனைவி அவரைக்காய் ஆய்ந்துகொண்டு உட்காருவார். ப்ரிசியிடம் டியூஷன் படிக்க வரும் பிள்ளைகள் சீட்டில் குதித்தன. வாழ்க்கையில் முதல்முறையாக, குதிக்கிற பிள்ளைகளை "இன்னும் நல்லா" என்று சொன்னேன். பெட்டி பெட்டியாகப் பிரியாணி எடுத்துக்கொண்டு பாய் ஆம்பூரிலிருந்து வந்தார்.

"துன்னுட்டு உக்காந்தாத்தான் வெயிட்டு ஜாஸ்தி" என்றார்.

கலா தன் லீவு நாளில் மாதனூரிலிருந்து பஸ் ஏறி வந்தாள்.

"கம்பெனில ஒரு தையல் கோணினாலே ரிஜெக்ட் போடுவீங்களே சார். இத ஏன் போடல?"

"போட்டா உன் மேஜைக்குத்தான் திரும்பி வரும்."

"வேணாம் சாமி. நான் உக்காந்துட்டே போறேன்" என்று சாயங்காலம்வரை உட்கார்ந்து டி.வி. பார்த்தாள்.

நீங்கள் முதலில் படித்த ஜெபக் கூட்டமும் அந்த நாட்களில்தான். தரைக்குப் போன பாஸ்டர் அடுத்த வாரமும் வந்தார், அதே சீட்டில்தான் உட்கார்ந்தார். இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டே ஜெபித்தார்.

எஸ்தர் மட்டும் உட்காரவில்லை. "எனக்கு உக்கார்ற பழக்கம் இல்ல" என்று எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டு போவாள்.

எங்கள் அளவுகோல் வரதன் சாரின் பேப்பர். முதல் நாள் தலைப்புச் செய்தி முடிவதற்குள் சரிந்துவிட்டார். அப்புறம் தலையங்கம் வரை தாங்கினார். ஒருநாள் காலையில் ஹாலிலிருந்து சத்தம் போட்டார்.

"சாலமன் சார்! வெளையாட்டுச் செய்தி வரைக்கும் வந்துட்டேன்! இன்னும் மேலதான் இருக்கேன்!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். தோல் தளர்ந்து, நடுவில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்து, அவர் அதில் பொருந்தி உட்கார்ந்திருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்குச் சங்கடமாகப் போய், ராசிபலனைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.

ஓடியாடி உதவுகிறவர்களுக்கு எல்லோரும் நன்றி சொல்வார்கள். உட்கார்ந்து உதவியவர்களுக்கு யார் சொல்வது? இந்த வாரம் நான் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவுக்கும் ஆம்பூருக்கும் மாதனூருக்கும் சபைக்கும், நன்றி.

வீட்டைத் தாண்டி

எஸ்தரின் கடைசி டூட்டி நைட்டாக அமைந்தது. ஒரு ஜூனியர் சிஸ்டரின் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று இவளே மாற்றி வாங்கிக்கொண்டாள். "கடைசி நாள்லயுமா?" என்றேன். "வார்டுக்கு இன்னா தெரியும், கடைசி நாளு மொத நாளுன்னு?" என்றாள்.

சீட் ஹாலிலிருந்து வண்டிக்குத் திரும்பியிருந்தது. விடிந்ததும் நானும் ப்ரிசியும் கிளம்பினோம். தெருவில் ஏற்பாடெல்லாம் பலமாக இருந்தது. வரதன் சார் மாலையோடு நிற்பார். பாஸ்டர் வருவார். பாய் முதல் நாளே வந்து தங்கி, பிரியாணிக்கு அடுப்பு மூட்டியிருந்தார். வண்டி தெருவுக்குள் நுழையும்போது எப்படி ஹாரன் அடிப்பது, எந்தக் கையால் டாட்டா காட்டுவது என்றெல்லாம் நான் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்திருந்தேன். இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன், ப்ரிசி பார்த்துவிட்டாள்.

ஆஸ்பத்திரி கேட்டில் வாட்ச்மேன் கையைக் காட்டினார். "ஆம்புலன்ஸெல்லாம் அந்தப் பக்கம் சார்."

எஸ்தர் வந்தாள். தோளில் சால்வை, கையில் பூங்கொத்து, பின்னால் வழியனுப்ப வந்த சிஸ்டர்கள். அழுதவர்கள் எல்லாம் வண்டியைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். நான் ஹாரன் மேல் கை வைத்தேன்.

"அடிக்காதீங்க. பேஷண்டுங்க தூங்கறாங்க."

பின் கதவைத் திறந்து ஏறினாள். சீட்டை உள்ளங்கையால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள். பிறகு வெள்ளை ஷூவைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, காலை மேலே தூக்கி, நீளவாக்கில் சாய்ந்துகொண்டாள். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். ஹைவேயில் ஏறும்போது பார்த்தால், வாய் லேசாகத் திறந்திருந்தது. தூங்கிவிட்டாள்.

சத்துவாச்சாரி வந்தது. எங்கள் தெரு முனையில் வரதன் சார் மாலையைத் தூக்கிக் காட்டுவது தெரிந்தது. இண்டிகேட்டரைப் போட்டேன். திரும்பினால் தெருவே சத்தம் போடும், கை தட்டும், பட்டாசுகூட வாங்கி வைத்திருந்தார்கள்.

இண்டிகேட்டரை அணைத்தேன்.

"டாடி, வீடு போவுது" என்று ப்ரிசி கிசுகிசுத்தாள்.

"தெரியும்."

நேராகப் போனேன். போன் அடித்தது. ப்ரிசி எடுத்துக் குரலைத் தாழ்த்தி, "பாய் மாமா, மம்மி தூங்கறாங்க" என்றாள்.

"யம்மா, தெருவே நிக்குது! உங்கப்பன் எங்க போறான்?" என்று அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

எங்கே போகிறேன் என்று எனக்கும் தெரியாது. நின்றால் எஞ்சின் குலுங்கும், எழுந்துவிடுவாள். அதனால் நிற்கவில்லை. லாரிகள் முந்திக்கொண்டு போயின. வெயில் ஏறியது. ப்ரிசி தன் துப்பட்டாவைக் கழற்றிப் பின் ஜன்னலில் வெயிலுக்கு மறைப்பாகச் செருகினாள்.

வாலாஜாபேட்டையை நெருங்கும்போது வேகத்தடையில் வண்டி ஒரு குதி குதித்தது. எஸ்தர் விழித்தாள்.

"எங்க இருக்கோம்?"

"வாலாஜா கிட்ட."

"நம்ம வீடு?"

"வழியில வந்துச்சு. நீ தூங்கிட்டு இருந்த."

எழுந்து வெளியே பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தெருவுல எல்லாரும் நிக்கறாங்களா?"

"நிக்கறாங்க. பிரியாணி வேற."

திரும்புங்க என்று சொல்வாள், திட்டுவாள் என்று ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவள் சால்வையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு மறுபடி சாய்ந்தாள்.

"ஃபோன் பண்ணி, ஆறிடப் போவுது, எல்லாரையும் சாப்பிடச் சொல்லுங்க. நீங்க இன்னும் கொஞ்ச தூரம் போங்க. நாளைக்கு எனக்கு டூட்டி இல்ல."